நாவலைத் திறக்காமலே பதில் சொல்ல முடிந்தால் அந்தக் கருவி எதற்கு?

இழையைத் தொடங்கியவர் | ஜூன் 8, இரவு 9.15

ஒன்பதாம் வகுப்பு, 36 பேர். ஒரு புரொஜெக்டர், 9 டேப்லெட், விட்டுவிட்டு வரும் வைஃபை. எடுத்துக்கொண்டது 42 அத்தியாய நாவல். அத்தியாயத்துக்குப் பத்துக் கேள்வி என்று வினாடி வினா ஆப்பில் போடுகிறோம். வகுப்பு கலகலக்கிறது, மதிப்பெண்ணும் ஏறுகிறது. ஆனால் "அந்தக் கடிதம் எந்த இடத்தில் வருகிறது?" என்று கேட்டால் புத்தகத்தை எங்கே திறப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆப்பை மாற்றுவதா, நாவலை மாற்றுவதா?

பதில் எழுதுபவர் (இனிப் பெயரில்லாத பதிவுகள் எல்லாம் இவருடையவை) | ஜூன் 8, இரவு 10.40

இரண்டும் வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள்.

நான்கு விடையில் ஒன்றைத் தொடும் கேள்விக்குக் கதைச்சுருக்கம் போதும். பக்கத்துப் பையன் சொன்னாலும் போதும். அதற்கு மேல் விரைவாகத் தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி என்றால், புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர் தோற்பார். அந்த ஆப் படிப்பவரைத் தண்டிக்கிறது. உடனடியாகச் செய்யக்கூடியது, நேரக் கணக்கையும் வேகப் புள்ளியையும் அணைத்துவிடுவது.

எந்தக் கருவிக்கும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியை முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது நாவல் பயிற்சி ஆகாது. கதாபாத்திரத்துக்கு முகநூல் பக்கம் தயாரிப்பது, அட்டைப்படம் வடிவமைப்பது, ஸ்லைடு போடுவது எல்லாம் பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும்.

பத்துக் கேள்விகளுக்குப் பதிலாக மூன்று போதும். கூகுள் ஃபார்ம் போன்ற இணையப் படிவம் ஒன்றில் மூன்று கட்டங்கள்: பக்க எண், அந்த வரி (12 சொல்லுக்குள், அப்படியே), அந்த வரியை ஏன் எடுத்தீர்கள். "இவன் பொய் சொல்கிறான் என்று உங்களுக்கு முதலில் தோன்றிய வரி எது?" என்று கேட்டால் ஒரே சரியான விடை இருக்காது, ஆனால் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

இன்னொரு வாசகர் | ஜூன் 9, காலை 7.20

பக்க எண் உதவாது. ஒரே வகுப்பில் மூன்று பதிப்பு இருக்கும். ஒருவரின் 112ஆம் பக்கம் இன்னொருவருக்கு 131.

ஜூன் 9, காலை 8.05

சரிதான், திருத்திக்கொள்கிறேன். பக்க எண் வேண்டாம், அத்தியாயமும் பத்தியும் போதும். 7.14 என்றால் ஏழாம் அத்தியாயம், பதினான்காம் பத்தி. உள்தள்ளித் தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு பத்தி, ஒற்றைச் சொல் வசனமானாலும் ஒன்றுதான். இதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் வசனம் நிறைந்த அத்தியாயத்தில் ஆளுக்கொரு எண் வரும். அச்சுப் புத்தகத்தில் ஐந்து பத்திக்கு ஒருமுறை பென்சிலால் ஓரத்தில் எண் போடச் சொல்லுங்கள். டிஜிட்டல் பிரதியாக இருந்தால் முழு அத்தியாயத்தையும் தேர்ந்தெடுத்து எண் பட்டியலாக மாற்றினால் எண் தானே விழும். வெற்று வரிகளை அதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், இல்லையேல் எண்ணிக்கை குழம்பும்.

ஜூன் 9, இரவு 9.50

இனி, பகிர்ந்து குறிப்பெழுதுவது, அதாவது ஒரே கோப்பில் பலர் கமென்ட் போடுவது பற்றி. டேப்லெட் கைவசம் இருக்கும்போது நாவலுக்கு இதைவிட நல்ல பயன்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. கெடுவதும் இதில்தான் எளிது.

36 பேருக்கும் ஒரே கோப்பைக் கொடுக்காதீர்கள். ஓரத்தில் கமென்ட்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு, எது எந்த வரிக்கு என்றே தெரியாமல் போகும். நான்கு பேருக்கு ஒரு கோப்பு, ஆக 9 கோப்பு. ஒவ்வொன்றிலும் முழு அத்தியாயம் வேண்டாம், ஒரு காட்சி மட்டும், 600 முதல் 800 சொல். அனுமதியைக் கமென்ட் மட்டும் போடும் வகைக்கு வையுங்கள். திருத்தும் அனுமதி கொடுத்தால் யாராவது ஒருவர் விரல் பட்டு ஒரு பத்தி காணாமல் போகும். போய்விட்டால் பதற வேண்டாம், பதிப்பு வரலாற்றில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஆளுக்கு மூன்று கமென்ட். ஒன்று, புரியாத இடம். இரண்டு, முன்பு படித்த எதையோ நினைவூட்டும் இடம், அதன் எண்ணோடு. மூன்று, குழுவில் இன்னொருவர் எழுதியதற்குப் பதில். "சூப்பர்", "ஆமாம்", "அருமையான வரி" ஆகியவை கணக்கில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதில் கமென்டில் கட்டாயம் ஒரு புதிய எண் இருக்க வேண்டும்: "நீ சொல்வது 3.8க்குப் பொருந்தவில்லை, அங்கே அவளே கதவைத் திறந்துவிடுகிறாள்" என்பது போல. இந்த ஒரு விதியில்தான் பேச்சு மறுபடி நாவலுக்குள் போகிறது.

என்ன எழுதுவது என்று திணறும் வகுப்புக்கு ஆங்கில எழுத்தாளர் ஏய்டன் சேம்பர்ஸின் நான்கு அடிப்படைக் கேள்விகள் நன்றாக உதவும்: பிடித்தது எது, பிடிக்காதது எது, புதிராக இருந்தது எது, திரும்பத் திரும்ப வருவது எது. நான்காவதை விட்டுவிடாதீர்கள். ஒரு பொருளோ சொல்லோ மூன்றாம் முறை வரும்போது அதைக் கவனித்த மாணவர் தானாகவே முதல் இரண்டு இடங்களைத் தேடிப் போவார்.

ஜூன் 10, காலை 6.55

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. நான்கு பேருக்கு ஒரு டேப்லெட் என்றால் ஒருவர் தட்டுவார், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். தமிழில் தட்டச்சு செய்வதும் பலருக்கு மெதுவாகத்தான் வரும். மூன்று கமென்டைத் தட்டி முடிப்பதற்குள் பாடவேளை ஓடிவிடும்.

அதனால் முதலில் துண்டுச் சீட்டு. ஒவ்வொருவரும் தனித்தனியாக, டேப்லெட்டைத் தொடாமல், புத்தகத்தைப் பார்த்து எழுதட்டும். இதனால் இன்னொரு நன்மை உண்டு, அடுத்தவர் கமென்டைப் பார்த்து எழுதுவது நின்றுவிடும். பிறகு டேப்லெட் சுற்றி வரட்டும், தன் சீட்டைத் தானே தட்டச்சு செய்ய ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த நேரத்தில் மற்ற மூவரும் சீட்டுகளை மாற்றிக்கொண்டு, குறித்த பத்தி சரியா என்று புத்தகத்தில் பார்ப்பார்கள். கீபோர்டின் மைக்கில் பேசி எழுதலாம். ஆனால் 9 குழு ஒரே அறையில் பேசினால் பக்கத்துக் குரலும் சேர்ந்து விழும், கதாபாத்திரப் பெயர்களை அது வேறு சொல்லாக்கிவிடும். தாழ்வாரம் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

இழையைத் தொடங்கியவர் | ஜூன் 11, இரவு 8.30

நாவலின் பிடிஎஃபிலிருந்து காட்சியை நகலெடுத்து ஒட்டினால் அர்த்தமில்லாத எழுத்துகள் வருகின்றன.

ஜூன் 11, இரவு 10.20

அது யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த கோப்பு. திஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியீடுகள் இருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு. எந்தக் குறியீடு என்று கண்டுபிடித்து எழுத்துரு மாற்றியில் போட்டால் சரியாகும். வெறும் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஓசிஆர்தான் வழி, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழையும் படித்துத் தரும். ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும், பக்கம் வளையாமல் தட்டையாக இருக்கட்டும்.

ஓசிஆர் தந்ததை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறும், வரி முடிவில் உடைந்த சொல் உடைந்தே நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய வடிவ ணை, லை, னை, றா ஆகியவை தனியாக இடறும். 800 சொல்லை ஒருவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம், முழு நாவலையும் திருத்தக் கிளம்பினால் பருவம் முடிந்துவிடும். காட்சி மட்டும் போதும் என்று முன்பு சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

பதிப்புரிமை தீர்ந்த பழைய நாவல் என்றால் முதலில் மதுரைத் திட்டத்தில் பாருங்கள். 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழை பார்த்துச் சேர்த்த இணையத் தொகுப்பு. உரிமை உள்ள நாவலை முழுதாக ஏற்றிப் பொதுவில் விடுவது எங்குமே சரியல்ல. அச்சுப் பிரதி கையில், ஒரு காட்சி மட்டும் மூடிய குழுவுக்குள் என்று வைத்துக்கொண்டு, அதற்கும் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன அனுமதிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஜூன் 12, காலை 7.10

தேடல் பற்றி ஒன்று விட்டுப்போனது. "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றாக, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக. பார்வைக்கு ஒரே எழுத்து. சில செயலிகள் இவற்றை வேறுவேறாக எடுத்துக்கொண்டு "கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடும். "ஔ" எழுதுமிடத்தில் ஒகரமும் ளகரமும் போட்டிருப்பதும் இதே தொல்லை. மாணவர் தேடிக் கிடைக்காவிட்டால் நாவலில் அந்தச் சொல்லே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். உரையைத் தயாரிப்பவர் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வாசகர் | ஜூன் 13, மாலை 5.45

ஒலிப்புத்தகம் கேட்டால் படித்த கணக்கா?

ஜூன் 13, இரவு 9.30

புத்தகம் திறந்திருந்து, கண் வரியோடு ஓடினால் எனக்கு அது படித்த கணக்குத்தான். வட்டார வழக்கில் எழுதிய நாவலுக்கு நல்ல குரல் பெரிய துணை. எழுத்தில் தட்டுத்தடுமாறும் பேச்சு காதில் விழுந்ததும் புரிந்துவிடும்.

இயந்திரக் குரலை நம்பி முழு வகுப்பையும் உட்கார வைக்காதீர்கள். பேச்சு வழக்கில் எழுத்தைச் சுருக்கிய இடங்களில் அது தடுக்கும், யார் பேசுகிறார் என்று பிரித்துக் காட்டாது, கேள்வியும் ஏளனமும் ஒரே தொனியில் வரும். பார்வைக் குறைபாடோ வாசிப்புச் சிரமமோ உள்ளவருக்கு அதுவே அவசியமான கருவி, அதை அவருக்கு ஹெட்போனோடு கொடுங்கள். வயர் உள்ளதே நல்லது. புளூடூத் என்றால் பக்கத்து டேப்லெட்டோடு இணைந்துகொண்டு ஐந்து நிமிடத்தை விழுங்கும்.

மாணவர்களே பதிவு செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரு வசனத்தை எப்படிச் சொல்வது என்று முடிவெடுக்க முந்தைய பத்தியைப் படித்தே ஆக வேண்டும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிரே வைத்தால் பகரம் எல்லாம் வெடிக்கும். பேசத் தொடங்குமுன் ஐந்து விநாடி அமைதியாகப் பதியட்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த ஐந்து விநாடியை இரைச்சல் மாதிரியாகக் கொடுத்து மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்கலாம். மிகையாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். சேமிக்கும்போது மோனோ (ஒற்றைத் தடம்), 64 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 போதும், பத்து நிமிடம் சுமார் 4.8 எம்பி. கோப்புப் பெயரை 1, 2 என்று வைக்காமல் 01, 02 என்று வையுங்கள், இல்லையென்றால் பல கருவிகளில் 1க்கு அடுத்து 10 ஓடும்.

ஜூன் 15, இரவு 10.05

கதாபாத்திரத்தின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது பற்றி. முழு உரையும் யூனிகோடில் கிடைத்த நாவலுக்கு மட்டும்தான் இது.

ஒரு விரிதாளில் 42 வரிசை, வரிசைக்கு ஒரு அத்தியாயம், முதல் கட்டத்தில் அத்தியாயத்தின் முழு உரை. கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டம் 50,000 எழுத்துக்குறி வரை தாங்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனிக் குறியாக எண்ணப்படும் என்பதால் நீண்ட அத்தியாயத்தை இரண்டாக வெட்ட நேரலாம். அடுத்த நெடுவரிசைகளில் ஐந்து கதாபாத்திரங்கள். கணக்கு எளிது: உரையின் நீளத்திலிருந்து, பெயரை நீக்கிய உரையின் நீளத்தைக் கழித்து, பெயரின் நீளத்தால் வகுத்தால் எத்தனை முறை வந்தது என்று கிடைக்கும். கோட்டு வரைபடமாகப் போட்டுத் திரையில் காட்டுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் வேற்றுமை உருபு. "முருகன்" என்று தேடினால் முருகனை, முருகனுக்கு, முருகனோடு எல்லாம் தப்பிவிடும். கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு "முருகன" என்று கொடுங்கள், அத்தனையும் சிக்கும். மகரத்தில் முடியும் பெயர் தகரமாக மாறும் (செல்வம், செல்வத்தை), அதற்கு "செல்வ" வரைதான் கொடுக்க முடியும், அப்போது செல்வனும் செல்வியும்கூட உள்ளே வந்துவிடுவார்கள். கையால் கழிக்க வேண்டும்.

வரைபடத்தைப் பார்த்து யார் முக்கியமானவர் என்று கேட்காதீர்கள், அது புத்தகம் இல்லாமலே சொல்லக்கூடியது. கோடு 17இலிருந்து 23 வரை தரையில் கிடக்கிறதே, அவள் எங்கே போனாள்? அந்த அத்தியாயங்களில் அவளைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? இப்படிக் கேளுங்கள்.

ஜூன் 16, காலை 6.40

படுத்த பிறகு தோன்றியது. எண்ணிக்கை தவறிப்போவதற்குப் பெரிய காரணம் உருபு இல்லை, அழைக்கும் பெயர். ஒரே ஆள் கதைசொல்லிக்கு முழுப்பெயர், மனைவிக்கு "இவங்க அப்பா", வேலையாளுக்கு "முதலாளி", சிறு வயதுத் தோழனுக்கு "டேய்". கணினி நான்கு பேர் என்று நினைக்கும். அதைப் பிழையாக ஒதுக்காமல் அதையே பயிற்சி ஆக்கிவிடலாம்: ஒரு கதாபாத்திரத்தை யார் யார், என்னவென்று, எந்தப் பத்தியில் அழைக்கிறார்கள் என்று ஒரு பட்டியல். "நீங்கள்" என்றவர் "நீ" என்று இறங்கிய பத்தியைக் கண்டுபிடித்தால் அந்த உறவு எங்கே முறிந்தது என்று கைகாட்டிவிடலாம். நேற்றைய வரைபடத்தைவிட இது ஒரு படி மேல், விரிதாளில் மூன்று நெடுவரிசை போதும், முழு உரையும் தேவையில்லை.

ஜூன் 18, இரவு 8.15

நாவல் நடக்கும் ஊர்களை நிலப்படத்தில் குறிப்பது பற்றிச் சுருக்கமாக. நிஜ ஊர்களில் நடக்கும் நாவலுக்கு மட்டும் கூகுள் மை மேப்ஸ். 15 குறி போதும், ஒவ்வொன்றிலும் அத்தியாய எண், பத்தி எண், ஒரு வரி. வெறும் ஊர்ப்பெயர் மட்டும் உள்ள குறியை நீக்கிவிடுங்கள். தூரம் அளக்கும் கருவியால் ஒரு பயணத்தை அளந்து, நடந்து போனால் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் என்று வைத்து, பொழுது சாய்வதற்குள் சேர்ந்தான் என்று கதைசொல்லி சொல்வது நடக்கக்கூடியதா என்று பார்க்கலாம். கற்பனை ஊர் என்றால் தாளில் வரைந்து படமெடுங்கள். கிணறு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று இரண்டு குழு சண்டை போட்டால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு வாசகர் | ஜூன் 20, மாலை 6.00

ஏஐ சாட்பாட்டிடம் சுருக்கம் வாங்கி ஒப்படைக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

ஜூன் 20, இரவு 9.40

சுருக்கம் கேட்பதை நிறுத்துங்கள். கேட்டால் வரத்தான் செய்யும்.

அதையே பயன்படுத்த ஒரு வழி உண்டு. படித்து முடித்த அத்தியாயத்துக்கு 200 சொல் சுருக்கம் ஒன்றை நீங்களே வாங்கி அச்சிட்டுக் கொடுங்கள். தமிழ் நாவல்களில் இவை உறவுமுறையைக் குழப்பும், ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் ஏற்றும், நடக்காத சந்திப்பை நம்பிக்கையோடு விவரிக்கும். குழுவுக்கு வேலை: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பத்தி எண்ணோடு சரி, தவறு, பாதி சரி என்று எழுதுவது. முதலில் நீங்கள் உட்கார்ந்து சரிபாருங்கள். எல்லாமே சரியாக இருந்துவிட்டால் கேள்வியை மாற்ற வேண்டும்: இதில் விட்டுப்போன வாக்கியம் எது, அது இல்லாவிட்டால் என்ன தெரியாமல் போகிறது?

கதாபாத்திரமாகப் பேசும் சாட்பாட் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆபத்து. 12ஆம் அத்தியாயத்தில் அந்த ஆளுக்குத் தெரியாத ரகசியத்தை அது 40ஆம் அத்தியாயத்திலிருந்து எடுத்துச் சொல்லிவிடும். கதையும் கெடும், அந்த ஆளின் அறியாமையும் கெடும். நாவலில் பாதி விஷயம் யாருக்கு எது எப்போது தெரிய வருகிறது என்பதில்தானே இருக்கிறது. நாவல் முழுதும் முடிந்த பிறகு வேண்டுமானால் செய்து, அது சொன்னதில் அந்த ஆள் அன்று அறிந்திருக்க முடியாதவை எவை என்று பிரிக்கச் சொல்லலாம்.

ஜூன் 22, காலை 7.30

அத்தியாயங்களை ஒரே மூச்சில் கொடுப்பதா, விட்டுவிட்டா? பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தது. தொடராக வந்த நாவல்களில் அத்தியாய முடிவு வாசகரைக் காக்க வைக்கவே எழுதப்பட்டது. அந்த இடைவெளியைப் பயன்படுத்துங்கள். அத்தியாயம் முடிந்ததும் இரண்டு கட்டங்கள் உள்ள ஃபார்ம்: அடுத்து என்ன நடக்கும், அப்படி நினைக்க வைத்த பத்தி எது. அடுத்த அத்தியாயம் திறக்குமுன் ஃபார்மை மூடிவிட வேண்டும். நேரக் கணக்கை அணையுங்கள் என்று முதல் நாள் சொன்னது இதற்குப் பொருந்தாது, இங்கே முடிவு நேரம் இல்லாவிட்டால் படித்துவிட்டு வந்து ஊகிப்பார்கள். ஊகம் பலித்தவருக்கு மதிப்பெண் தராதீர்கள், எடுத்துக்காட்டிய பத்திக்குத் தாருங்கள். நல்ல பத்தியைக் காட்டித் தவறாக ஊகித்தவர் ஆசிரியர் வைத்த பொய்த்தடத்தைப் பிடித்திருக்கிறார்.

இழையைத் தொடங்கியவர் | ஜூன் 24, இரவு 9.00

வைஃபை இன்று முழுதும் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது?

ஜூன் 24, இரவு 9.35

துண்டுச் சீட்டும், புரொஜெக்டரில் கேபிளால் இணைத்த போன் கேமராவும். இணையமே வேண்டாம்.

போனை மேசைக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில், கேமரா கீழே பார்க்கும்படி ஒரு தாங்கியில் பொருத்துங்கள். தாங்கி இல்லாவிட்டால் இரண்டு புத்தக அடுக்கின்மேல் ஓர் அடிக்கோலைக் குறுக்கே வைத்துக் கட்டிவிடலாம். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறை கை நுழையும்போதும் படம் மங்கித் தெளியும். அறிவிப்புகளை அணைக்க மறக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பளபளப்பான தாளில் பட்டால் எழுத்து வெளுத்துப் போகும், மேசையைத் திருப்பிப் போடுங்கள். முழுப் பக்கத்தையும் காட்டினால் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாறு வரி மட்டும் தெரியும்படி நெருக்கிவைத்து, நீங்களே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

45 நிமிடப் பாடவேளையில் முதல் 20 நிமிடம் அமைதியான வாசிப்பு, கேமராவும் புரொஜெக்டரும் அணைந்திருக்கட்டும். ஐந்து நிமிடம் சீட்டு. மீதி 20இல் நான்கு சீட்டு மட்டும் எடுங்கள், எழுதியவரே வந்து புத்தகத்தைக் கேமராவுக்கு அடியில் வைத்து, அந்த வரியின்மேல் பென்சில் முனையை வைத்துப் பேசட்டும். உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் பிரதியில் அதே பத்தியைத் திறக்கும்வரை அவர் தொடங்கக் கூடாது.

இழையைத் தொடங்கியவர் | ஜூன் 27, இரவு 8.50

செய்து பார்த்தோம். நான்கு சீட்டு திட்டமிட்டதில் இரண்டுதான் முடிந்தது. 5.22இல் வரும் "அவர்" யார் என்பதிலேயே மணி அடித்துவிட்டது.

ஜூன் 27, இரவு 9.10

அந்த இரண்டு போதும். மீதி இரண்டு சீட்டைப் பத்திரமாக வைத்து அடுத்த வகுப்பைத் தொடங்குங்கள். 5.22க்கு முன்னால் 5.9ஐ ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள், அந்த "அவர்" பெரும்பாலும் சில பத்திகளுக்கு முன்னால் பெயரோடு வந்துபோனவராகத்தான் இருப்பார்.